கடலடிப் பள்ளத்தாக்குகளை அளந்தவர்

நிலத்தின் மலைகளும் ஆறுகளும் கண்ணுக்குத் தெரிபவை. ஒரு மலையின் உயரத்தை அறிய விரும்பும் ஒருவர் அதன் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். வேண்டுமானால் ஏறியும் பார்க்கலாம். கடலின் அடித்தளம் அத்தகையதன்று. நூறு மீட்டர் ஆழத்திற்குக் கீழே கதிரவனின் ஒளி மங்கிவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே முழு இருள் நிலவுகிறது. அந்த இருளுக்குள்ளும் மலைத்தொடர்கள் உண்டு, சமவெளிகள் உண்டு, செங்குத்தான சுவர்களைக் கொண்ட நெடிய பள்ளத்தாக்குகளும் உண்டு.

கரையிலிருந்து கடலுக்குள் செல்லச் செல்ல அடித்தளம் முதலில் மெல்லச் சரிகிறது. இப்பகுதி கண்டத்திட்டு எனப்படும். இதன் விளிம்பை அடுத்து அடித்தளம் ஆழ்கடலை நோக்கி விரைந்து இறங்குகிறது. இப்பகுதி கண்டச்சரிவு எனப்படும். இவ்விரண்டையும் ஊடறுத்து, ஆறுகள் அரித்த மலையிடுக்குகளைப் போல ஓடும் பள்ளங்களே கடலடிப் பள்ளத்தாக்குகள் ஆகும். கங்கை கடலோடு கலக்கும் பகுதிக்கு எதிரே வங்காள விரிகுடாவில் இத்தகைய பெரும் பள்ளத்தாக்கு ஒன்று உள்ளது. இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலருகிலேயே மற்றொன்று தொடங்குகிறது. உலகக் கடல்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளத்தாக்குகள் இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அவற்றுள் மிகச் சிலவே அறியப்பட்டிருந்தன. அவை எவ்வாறு தோன்றின என்பதை உறுதியாகக் கூறவல்லார் எவரும் இலர். அந்த வினாவைத் தம் வாழ்நாள் வினாவாக ஏற்றுக்கொண்டவர் அமெரிக்க நிலவியல் அறிஞர் பிரான்சிஸ் பார்க்கர் ஷெப்பர்டு.

இளமையும் கல்வியும்

ஷெப்பர்டு 1897ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசதி மிக்க குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய தந்தை கப்பல் தொழிலில் ஈடுபட்டவர். எனவே கடலும் படகுகளும் ஷெப்பர்டுக்கு இளமையிலேயே பழக்கமாயின. எனினும், கடலை ஆராயவேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது நிலவியல் அவரை ஈர்த்தது. அங்கு ரெஜினால்டு டேலி என்னும் பெரும் நிலவியல் அறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பிற்காலத்தில் இந்த ஆசிரியரின் கருத்தையே மாணவர் நெடுங்காலம் எதிர்த்து நிற்க நேர்ந்தது.

ஹார்வர்டுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டு, 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவருடைய கவனம் மலைகளின் அமைப்பின்மீது இருந்தது. பட்டம் பெற்றதும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்தது. இல்லினாய்ஸ், சோளம் விளையும் உள்நாட்டுச் சமவெளி. அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் கடற்கரை வெகு தொலைவு. கடல்சார் நிலவியலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் அவர் தம் ஆசிரியப் பணியைத் தொடங்கியது அந்தச் சமவெளியில்தான்.

பாடநூலும் கடலும் முரண்பட்டன

1923ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஷெப்பர்டு தம் தந்தையின் படகை எடுத்துக்கொண்டு நியூ இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் சென்றார். கடலடியிலிருந்து மண்ணை அள்ளிப் பார்ப்பதே நோக்கம். அக்காலப் பாடநூல்கள் இது குறித்து ஒரு விதியைக் கூறிவந்தன. ஆறுகள் கொண்டுவரும் பொருள்களுள் பருமணல் கரையோரத்தில் படியும். சற்று அப்பால் நுண்மணல் படியும். திட்டின் விளிம்பில் சேறு படியும் என்பதே அவ்விதி. கனமானது முதலில் தங்கும், இலேசானது தொலைவு செல்லும் என்னும் எளிய தருக்கம் அதற்கு அடிப்படையாக இருந்தது. எவரும் அதை ஐயுறவில்லை.

படகில் ஏறிய மாதிரிகள் வேறு செய்தி கூறின. கரைக்கு அருகே சேறு கிடைத்தது. கரையிலிருந்து வெகு தொலைவில் பருமணலும் கூழாங்கற்களும் கிடைத்தன. விதி கூறிய ஒழுங்கு அங்கு இல்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் படிந்த பொருள்கள் திட்டின்மீது இன்னும் மூடப்படாமல் கிடக்கின்றன என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

இந்தச் சிறு பயணம் ஷெப்பர்டின் வாழ்வைத் திசைதிருப்பியது. கடலடியைப் பற்றி நூல்களில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, எவரும் சென்று பார்க்காமலே எழுதப்பட்டது என்பதை அவர் உணர்ந்தார். கருத்துக்கு முன் அளவீடு வேண்டும் என்னும் பாடம் அவருக்கு அங்குக் கிடைத்தது. அதே பாடம் ஒருநாள் தம் கருத்தையும் சோதிக்கும் என்பதை அப்போது அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அளந்த முறை

1930களில் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறை திரட்டியிருந்த ஆழ அளவீடுகளை ஷெப்பர்டு கூர்ந்து ஆராய்ந்தார். எண்களால் நிறைந்த அந்தத் தாள்களில் சம ஆழமுள்ள புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தபோது, கடலுக்குள் வளைந்து நெளிந்து இறங்கும் பள்ளத்தாக்குகள் உருப்பெற்றன. அவற்றை நேரில் ஆராய விரும்பிய அவர் கலிபோர்னியாவின் கரைக்குச் சென்றார். அங்கு லா ஹோயா என்னும் ஊரில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இருந்தது. நிறுவனத்தின் கரைக்கு மிக அருகிலேயே இரண்டு பள்ளத்தாக்குகள் தொடங்குகின்றன. ஒன்று ஸ்கிரிப்ஸ் பள்ளத்தாக்கு. மற்றொன்று லா ஹோயா பள்ளத்தாக்கு. இரண்டும் கடலுக்குள் ஒன்றோடொன்று இணைந்து, ஆயிரம் மீட்டர் ஆழத்தையும் கடந்து இறங்குகின்றன. ஆய்வுக்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை.

ஆழத்தை அளக்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. பழைய வழி, கம்பியின் முனையில் எடையைக் கட்டி இறக்குவது. எடை தரையைத் தொட்டதும் இறங்கிய கம்பியின் நீளத்தைக் குறித்துக்கொள்வர். இது காலத்தை விழுங்கும் வேலை. படகு அலையில் நகர்ந்தாலோ நீரோட்டம் கம்பியைச் சாய்த்தாலோ அளவு பிழைபடும். புதிய வழி, எதிரொலியைக் கொண்டு அளப்பது. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி இரண்டு நொடியில் திரும்பி வந்தால், அது போகவும் வரவும் 3000 மீட்டர் கடந்துள்ளது. எனவே ஆழம் 1500 மீட்டர். இவ்வழி விரைவானது, ஆயினும் குறுகிய பள்ளத்தாக்குகளில் ஏமாற்றக்கூடியது. ஒலி விரிந்து பரவுவதால், அடித்தளத்திலிருந்து வரும் எதிரொலிக்கு முன்பே பக்கச் சுவரிலிருந்து வரும் எதிரொலி கப்பலை எட்டிவிடும். அதனால் ஆழமான பள்ளம் ஆழமற்றதாகத் தோன்றும். இக்குறையை அறிந்திருந்த ஷெப்பர்டு, பள்ளத்தாக்குகளின் குறுகிய தலைப்பகுதிகளில் கம்பியையே நம்பினார்.

ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது. அளந்த இடமும் தெரியவேண்டும். கடலில் எல்லைக்கல் நட முடியாது. எனவே கரையில் தெரியும் மூன்று அடையாளங்களைத் தேர்ந்து, அவற்றுக்கிடையே உள்ள கோணங்களைக் கோணமானியால் ஒரே நேரத்தில் அளந்து, படகின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்தனர். சில மீட்டர் தவறினாலும் பள்ளத்தாக்கின் விளிம்பும் அடியும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு உழைப்பு என்றால், ஒரு பள்ளத்தாக்கின் படத்திற்கு எத்தனை புள்ளிகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்க நிலவியல் கழகத்தின் நிதியுதவி கிடைத்தது. ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பலில், இல்லினாய்ஸிலிருந்து தம்முடன் வந்த கென்னத் எமரி, ராபர்ட் டயட்ஸ் ஆகிய மாணவர்களோடு அவர் கலிபோர்னியக் கரை நெடுகப் பயணம் செய்தார். பள்ளத்தாக்குகளின் ஆழத்தை அளந்ததோடு, அவற்றின் சுவர்களிலிருந்து பாறைத் துண்டுகளையும் இழுத்தெடுத்தனர். சில இடங்களில் கருங்கல்லே கிடைத்தது. இரு மாணவர்களும் பின்னாளில் கடல்சார் நிலவியலில் புகழ்பெற்ற அறிஞர்களாயினர். இப்பயணங்களின் முடிவுகளை ஷெப்பர்டும் எமரியும் இணைந்து 1941இல் நூலாக வெளியிட்டனர். கலிபோர்னியக் கடலடியின் விரிவான வரைபடங்கள் அதில் இடம்பெற்றன.

ஆற்றின் வேலை என்னும் முடிவு

வரைபடங்கள் காட்டிய உருவம் வியப்பளித்தது. கடலடிப் பள்ளத்தாக்குகள் நிலத்தின் மலையிடுக்குகளை அப்படியே ஒத்திருந்தன. அவை வளைந்து சென்றன. கிளைப் பள்ளத்தாக்குகள் வந்து இணைந்தன. குறுக்குவெட்டு ஆங்கில எழுத்து வி போல இருந்தது. சுவர்கள் கடினப் பாறையால் ஆனவை. நிலத்தில் இத்தகைய வடிவை உண்டாக்குவது ஓடும் ஆறு. எனவே இப்பள்ளத்தாக்குகளும் ஒருகாலத்தில் நிலமாக இருந்து, ஆறுகளால் அரிக்கப்பட்டுப் பின்னர் கடலில் மூழ்கியவை என்று ஷெப்பர்டு முடிவு செய்தார்.

இம்முடிவில் பெரிய இடர் ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் பெருமளவு நீர் பனிப்பாறைகளாக உறைந்ததால் கடல்மட்டம் தாழ்ந்தது என்பது உண்மை. அத்தாழ்வு நூற்றுச் சில மீட்டர் அளவே இருந்திருக்கும் என்று பிற அறிஞர் கணித்தனர். பள்ளத்தாக்குகளோ ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழம்வரை செல்கின்றன. தம் கருத்தைக் காக்க ஷெப்பர்டு, கடல்மட்டம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும் என்று கூற நேர்ந்தது. அவ்வளவு நீரும் எங்குப் பனியாகத் தங்கியது என்னும் வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

இதற்கிடையில் 1936ஆம் ஆண்டு, அவருடைய ஆசிரியர் டேலி வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சேறும் மணலும் கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. அது கடலடிச் சரிவில் தெளிந்த நீருக்கு அடியில் ஓர் ஆறுபோல இறங்கும். பனிக்காலத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது அலைகள் திட்டின் விளிம்பைக் கலக்கின. அப்போது இத்தகைய வண்டல் நீரோட்டங்கள் மிகுதியாக ஓடிப் பள்ளத்தாக்குகளை அரித்தன என்றார் டேலி. மறு ஆண்டே நெதர்லாந்தைச் சேர்ந்த குயெனன் என்னும் அறிஞர், நீர்த்தொட்டியில் சேற்றுநீரை ஊற்றி, அது அடித்தளத்தை ஒட்டி ஓடுவதைச் செய்து காட்டினார்.

ஷெப்பர்டு இதை ஏற்கவில்லை. அவர் மறுத்ததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமன்று. தொட்டியில் ஓடும் சேற்றுநீர் கருங்கல்லைக் குடைய வல்லதா என்பது அவருடைய ஐயம். பள்ளத்தாக்குகளுக்குள் அவர் அளந்த நீரோட்டங்கள் மெல்லியவையாகவே இருந்தன. கண்ணால் காணாத, கருவியால் அளக்காத விசையொன்றை நம்ப அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர் நம்பிய ஆயிரம் மீட்டர்த் தாழ்வையும் எவரும் கண்டதில்லை. இரு தரப்புக்கும் சான்று குறைவாகவே இருந்த காலம் அது.

போரும் ஆழிப்பேரலையும்

இரண்டாம் உலகப்போர் ஆய்வுகளின் போக்கை மாற்றியது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஒலிக்கருவிகள் கடலடியின் தன்மைக்கேற்ப வெவ்வேறு விதமாகச் செயல்பட்டன. மணல் ஒலியை ஒருவிதமாகத் திருப்பும். சேறு வேறுவிதமாக உட்கொள்ளும். எனவே எங்கு மணல், எங்குச் சேறு, எங்குப் பாறை என்பதைக் காட்டும் வரைபடங்கள் கடற்படைக்குத் தேவைப்பட்டன. சான் டியாகோ நகரில் ஷெப்பர்டும் எமரியும் இப்பணியில் ஈடுபட்டனர். அதுவரை அறிவு வேட்கைக்காகத் திரட்டப்பட்ட செய்திகள் உயிர் காக்கும் செய்திகளாயின.

போர் முடிந்தபின், கடலடி நிலவியல் குறித்து ஒரு முழுமையான நூலை எழுத ஷெப்பர்டு விரும்பினார். அமைதியான இடம் நாடி, மனைவி எலிசபெத்துடன் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றார். ஓவாகு தீவின் வடகரையில் கடலோரக் குடிலொன்றில் இருவரும் தங்கினர்.

1946 ஏப்ரல் 1ஆம் நாள் அதிகாலை, பெரும் இரைச்சல் அவர்களை எழுப்பியது. வெளியே வந்து பார்த்தபோது கடல் பொங்கி வீட்டின் அருகே வந்திருந்தது. வடக்கே, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அலூசியன் தீவுகளின் அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை அது. ஷெப்பர்டுக்கு அது என்னவென்று புரிந்தது. உடனே நிழற்படக் கருவியை எடுக்க ஓடினார். நீர் பின்வாங்கியது, பவளத்திட்டு வெளிப்பட்டது, மீன்கள் துள்ளிக் கிடந்தன. பெரிய அலை வந்து போய்விட்டது என்று அவர் எண்ணினார். ஆனால் அடுத்து வந்த அலை முன்னதினும் பெரியது. குடில் சிதைந்தது. இருவரும் அண்டை வீட்டாரோடு கரும்புத் தோட்டத்தின் வழியே மேட்டுநிலத்திற்கு ஓடி உயிர் தப்பினர்.

அந்நாளில் ஹவாய்த் தீவுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதல் அலையோடு ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணுவது உயிரைப் பறிக்கும் பிழை என்பதை ஷெப்பர்டு தம் அனுபவத்தால் அறிந்தார். அந்தப் பிழையைத் தாமே செய்ததை மறைக்காமல் பின்னர் எழுதவும் செய்தார். கடலியல் கற்றவரையே கடல் ஏமாற்றிவிட்டது என்றால், கல்லாதவர் நிலை குறித்துக் கூறவேண்டுவதில்லை. 2004 டிசம்பரில் தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் ஓர் அலையாக நில்லாமல் பல அலைகளாகவே வந்தது.

உயிர் தப்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. கார்டன் மெக்டொனால்டு, டோக் காக்ஸ் ஆகிய அறிஞர்களோடு தீவுகளின் கரைகளைச் சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் நீர் ஏறிய உயரத்தை அளந்தார். சில இடங்களில் நீர் 17 மீட்டர் அளவுக்கு ஏறியிருந்தது. அருகிலேயே வேறு சில இடங்களில் சில மீட்டர் மட்டுமே ஏறியிருந்தது. இவ்வேறுபாட்டிற்குக் கடலடியின் வடிவமும் ஒரு காரணம் என்று அவர்கள் கண்டனர். கடலுக்குள் நீண்டு செல்லும் முகடுகளுக்கு நேரே உள்ள கரையில் அலை உயர்ந்தது. பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதியில் தாழ்ந்தது. இருளில் மறைந்து கிடக்கும் பள்ளத்தாக்கு, கரையில் வாழும் மக்களின் உயிரோடு தொடர்புடையது என்பது இதனால் புலப்பட்டது. இப்பேரழிவின் விளைவாக 1949இல் ஹவாயில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. அவர் எழுதத் தொடங்கிய கடலடி நிலவியல் என்னும் நூல் 1948இல் வெளிவந்தது. பின்னர் இருமுறை திருத்தப்பட்டு, பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாக விளங்கியது.

அளவீடு மாற்றிய கருத்து

போருக்குப் பின் ஷெப்பர்டு ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலேயே நிலையாகப் பணியாற்றினார். லா ஹோயாவின் பள்ளத்தாக்குத் தலைகளை ஒருமுறை அளந்ததோடு அவர் நிறுத்தவில்லை. அதே இடங்களை மீண்டும் மீண்டும் அளந்தார். ஏற்கெனவே தெரிந்த ஆழத்தை மறுபடியும் அளப்பது வீண்வேலையாகத் தோன்றலாம். அந்த வேலையே எதிர்பாராத உண்மையை வெளிக்கொணர்ந்தது. கரையோர நீரோட்டம் இழுத்துவரும் மணல், பள்ளத்தாக்கின் தலையில் மாதக்கணக்கில் குவிந்தது; ஆழம் குறைந்துகொண்டே வந்தது. பின்னர் ஒருநாள் அளந்தபோது ஆழம் திடீரெனப் பல மீட்டர் மிகுந்திருந்தது. குவிந்த மணல் முழுவதும் சரிந்து ஆழத்திற்குச் சென்றுவிட்டது. பள்ளத்தாக்குகள் மூழ்கிப்போன பழைய ஆற்றுத் தடங்கள் மட்டுமல்ல. இன்றும் மணலைக் கடத்திச் செல்லும் வழிகள் என்பதை அவருடைய அளவீடுகளே காட்டின.

அதே காலத்தில் வேறிடத்திலிருந்தும் சான்று வந்தது. 1929ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடித் தந்திக் கம்பிகள் சில அப்போதே அறுந்தன. அவற்றினும் ஆழத்தில் கிடந்த கம்பிகள், அடுத்த பதின்மூன்று மணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. 1952இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூவிங் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். நிலநடுக்கத்தால் சரிந்த சேறு வண்டல் நீரோட்டமாக மாறி, சரிவில் விரைந்து இறங்கி, வழியில் கிடந்த கம்பிகளை அறுத்துச் சென்றது என்றனர். கம்பிகள் அறுந்த நேரமும் அவற்றின் தொலைவும் தெரியுமாதலால் விரைவையும் கணிக்க முடிந்தது. தொடக்கத்தில் அது மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது என்று அவர்கள் கணித்தனர். ஆழ்கடல் சமவெளிகளில் கரையோரத்துக்கு உரிய மணல் அடுக்குகள் கிடப்பதும் கண்டறியப்பட்டது.

இப்போது ஷெப்பர்டின்முன் இரண்டு வழிகள் இருந்தன. தாம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வலியுறுத்திவந்த கருத்தை எப்படியேனும் காப்பது ஒன்று. சான்றுகளின் முன் அதனைத் திருத்திக்கொள்வது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அதே 1952ஆம் ஆண்டில், கடலடிப் பள்ளத்தாக்குகளுக்கு ஒற்றைக் காரணம் இல்லை என்றும், பல காரணங்கள் கூடியே அவற்றை உருவாக்கின என்றும் கட்டுரை எழுதி வெளியிட்டார். கடல்மட்டம் ஆயிரம் மீட்டர் தாழ்ந்தது என்னும் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். வண்டல் நீரோட்டங்களுக்கும் சரிவுகளுக்கும் உரிய இடத்தை அளித்தார்.

ஆயினும், புதிய கருத்தை அவர் அப்படியே விழுங்கிவிடவில்லை. அக்காலத்தில் பலர் வண்டல் நீரோட்டத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாகக் கூறத் தொடங்கியிருந்தனர். ஒரு காரணத்தை மட்டும் பற்றிக்கொண்டு தாம் செய்த பிழையையே மற்றவரும் வேறு திசையில் செய்கின்றனர் என்று அவருக்குத் தோன்றியது. சில பள்ளத்தாக்குகளின் மேற்பகுதியை ஆறுகள் அரித்திருக்கலாம். சிலவற்றை நிலப்பிளவுகள் தொடங்கி வைத்திருக்கலாம். மணல் சரிவும் நீரோட்டமும் பிறகு ஆழப்படுத்தியிருக்கலாம். ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது.

ஆழத்திற்குள் இறங்கியபோது

கம்பியும் எதிரொலியும் வடிவை மட்டுமே கூறும். அங்கு நிகழ்வதைக் காண மனிதர் இறங்கவேண்டும். 1950களில் மூச்சுக்கருவி அணிந்து முக்குளிக்கும் முறை பரவியது. ஷெப்பர்டின் மாணவர் ராபர்ட் டில் முதலியோர் இம்முறையில் பள்ளத்தாக்குத் தலைகளுக்குள் இறங்கினர். மெக்சிகோவின் சான் லூக்காஸ் முனை அருகே, பள்ளத்தாக்கின் பாறை விளிம்பிலிருந்து மணல் அருவிபோலக் கொட்டுவதை முக்குளித்தோர் கண்டனர். நீருக்குள் மணல் அருவி ஒன்று ஓடுவதை மனிதர் அதற்குமுன் கண்டதில்லை.

1960களின் நடுவில், பிரான்ஸ் நாட்டுக் கடலாய்வாளர் கூஸ்டோ உருவாக்கிய தட்டு வடிவச் சிறு நீர்மூழ்கி கலிபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது ஷெப்பர்டு அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளாகக் கம்பியின் முனையால் தடவி அறிந்த பள்ளத்தாக்குகளுக்குள் ஆய்வாளர்கள் நேரடியாக இறங்கினர். குறுகிய இடுக்குகளையும், தொங்கும் பாறைச் சுவர்களையும், தரையில் மணல் விட்டுச்சென்ற வரிகளையும் கண்டனர். இந்த ஆய்வுகளின் பயனாக ஷெப்பர்டும் டில்லும் இணைந்து, உலகின் கடலடிப் பள்ளத்தாக்குகளை ஒப்பிட்டு விளக்கும் பெருநூலை 1966இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் லண்டன் நிலவியல் கழகம் தன் உயரிய விருதான வொலாஸ்டன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

பள்ளத்தாக்குகளோடு அவர் பணி முடியவில்லை. மெக்சிகோ வளைகுடாவின் வண்டல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மணல், பொடிமண், களி ஆகிய மூன்றின் விகிதத்தைக் கொண்டு வண்டல்களை வகைப்படுத்த, 1954இல் அவர் வகுத்த முக்கோண விளக்கப்படம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பனிக்காலத்திற்குப் பின் கடல்மட்டம் உயர்ந்த வரலாற்றையும் ஆராய்ந்தார். கடல்மட்டம் குறித்து முன்பு மிகைபடக் கூறியவர், அதன் உண்மையான ஏற்றத்தைக் கணிக்க உழைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதி வரை அளந்தவர்

எழுபது வயதை நெருங்கியபோது, அவர் புதிய பணியொன்றைத் தொடங்கினார். பள்ளத்தாக்குகளின் அடித்தளத்திற்குச் சற்று மேலே நீரோட்டமானிகளை நிறுத்தி, நாள்கணக்கில் பதிவு செய்யும் பணி அது. இளமையில் தம்மிடம் இல்லாத சான்றை முதுமையில் தேடத் தொடங்கினார் எனலாம். பெரும்பாலான நேரங்களில் நீர் பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் மாறிமாறி ஓடுவதைக் கருவிகள் காட்டின. ஆழமான இடங்களில் இம்மாற்றம் ஓதங்களின் கால அளவை ஒத்திருந்தது. இடையிடையே கீழ்நோக்கிய வலிய ஓட்டங்களும் பதிவாயின. புயல் வேளையில் ஸ்கிரிப்ஸ் பள்ளத்தாக்கில் வைக்கப்பட்ட கருவிகள் அடித்துச் செல்லப்பட்டதும் உண்டு. பல நாடுகளின் பள்ளத்தாக்குகளில் திரட்டிய இப்பதிவுகளை, உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து 1979இல் நூலாக்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

1981ஆம் ஆண்டிலும் கடலடிப் பள்ளத்தாக்குகளின் தோற்றம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். பல காரணங்கள், நெடுங்காலம் என்பதே அதன் சாரம். ஒரு பள்ளத்தாக்கு உருவாகப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகலாம். அக்காலம் முழுதும் ஒரே விசை மட்டும் செயல்பட்டிருக்கவேண்டும் என்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒற்றை விடையோடு தொடங்கிய ஆய்வு, இவ்வாறு முதிர்ந்த விடையில் வந்து நின்றது. 1985இல் லா ஹோயாவில் ஷெப்பர்டு மறைந்தார். கடல்சார் நிலவியலில் சிறந்த பணி ஆற்றுவோர்க்கு அவருடைய பெயரால் பதக்கம் வழங்கப்பட்டு வருகிறது.

இன்று கப்பலிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை அனுப்பி, கடலடியை அகன்ற பட்டையாகப் படம்பிடிக்க முடிகிறது. ஷெப்பர்டு ஒரு பருவம் முழுதும் உழைத்துப் பெற்ற படத்தைச் சில மணி நேரத்தில் பெறலாம். அப்படங்களின் தேவையும் பெருகியுள்ளது. கண்டங்களை இணைக்கும் இணையக் கம்பிகள் கடலடியில்தான் கிடக்கின்றன. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தைவானின் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, பள்ளத்தாக்கின் வழியே இறங்கிய வண்டல் நீரோட்டம் பல கம்பிகளை அறுத்தது; கிழக்காசிய நாடுகளின் தகவல் தொடர்பு பல நாள்கள் தடைபட்டது. கம்பியை எங்கு இடுவது, கரையோரக் குடியிருப்பை எங்கு அமைப்பது என்னும் முடிவுகளுக்குக் கடலடியின் படம் முதற்தேவையாகியுள்ளது.

ஷெப்பர்டின் முதல் விடை தவறியது; அவர் வரைந்த படங்கள் தவறவில்லை. அவருடைய கருத்தை மறுத்தவர்களும் அவர் அளந்த ஆழங்களையே சான்றாகக் கொண்டனர். தாம் அளந்தவை தம் கருத்தோடு மோதியபோது, அவர் அளவீட்டின் பக்கம் நின்றார். காணாத நிலத்தைக் காண முயன்ற அந்த நீண்ட வாழ்வு, பிழையை ஒப்புக்கொள்வதால் அறிஞர் சிறுமையடைவதில்லை என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.